ஆறு மாதச் சான்றிதழும் எமது முதியோரும்

ரொறன்ரோப் பெரும்பாகத்தில் வெளிவரும் தமிழ்ப் பத்திரிகைகளைப் புரட்டுபவர்களுக்கு நன்கு பழக்கமான விளம்பரம் ஒன்றுண்டு. வீடு விற்பனை, வாகனக் காப்புறுதி, பூப்புனித நீராட்டு விழா மண்டபம் ஆகியவற்றுக்கு நடுவே அது இடம்பெறும். குறுகிய காலத்தில் பி.எஸ்.டபிள்யூ. சான்றிதழ், மாலை நேர, வார இறுதி வகுப்புகள், படித்து முடித்ததும் வேலை. முதியோரையும் நோயாளரையும் குளிப்பாட்டி, உடுப்பித்து, உணவூட்டி, எழுப்பி நடத்தி, படுக்க வைக்கும் பராமரிப்புப் பணியாளரையே ஒன்ராறியோ மாகாணத்தில் இந்தச் சுருக்கப் பெயரால் அழைக்கின்றனர். எம்மவரில் ஆயிரக்கணக்கான பெண்களின் அன்றாட உழைப்பு இது. அதே வேளை, எமது தாய் தந்தையரின் இறுதி ஆண்டுகள் யாருடைய கைகளில் கழியும் என்பதைத் தீர்மானிப்பதும் இந்தப் பணிதான்.

பராமரிப்பு வழங்குபவர்களாகவும் பெறுபவர்களாகவும் ஒரே நேரத்தில் இருபுறமும் நிற்கும் சமூகம் எமது. ஆயினும் இப்பணிக்கான பயிற்சி எத்திசையில் போய்க்கொண்டிருக்கிறது என்பது பற்றி நாம் பொதுவெளியில் வாய் திறந்தது மிகக் குறைவு. எத்தனை மாதம், எவ்வளவு கட்டணம், எப்போது வேலை என்பதோடு எமது கேள்விகள் முடிந்து விடுகின்றன. பயிற்சி பெறுவோரின் தொகை பெருகுகிறது. பயிற்சிக் காலம் சுருங்குகிறது. பயிற்சியின் உள்ளடக்கமோ வீட்டை விட்டு விலகி நிறுவனங்களை நோக்கி நகர்கிறது. இந்த மூன்றாவது போக்கே எமக்கு மிகுந்த கவலை தருவது.

சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போம். 1997 இல் ஒன்ராறியோ அரசு, வீட்டு உதவிப் பணியாளர், சுகாதார உதவியாளர் என அதுவரை தனித்தனியாக இருந்த பயிற்சிகளை ஒன்றிணைத்து பி.எஸ்.டபிள்யூ. என்னும் ஒரே பயிற்சியாக்கியது. வீட்டில் பணிபுரிபவரும் முதியோர் இல்லத்தில் பணிபுரிபவரும் அன்றிலிருந்து ஒரே சான்றிதழை நாடினர். ஆனால் அரச கல்லூரிகள், தனியார் தொழிற்கல்லூரிகள், கல்விச் சபைகளின் வளர்ந்தோர் பாடசாலைகள் ஆகிய மூன்றும் தத்தம் பாடத்திட்டத்தைக் கற்பித்தன. 2014 இல்தான் மூன்றுக்கும் பொதுவான தரம் ஒன்று நடைமுறைக்கு வந்தது. பயிற்சியை முடிப்பவர் செய்யக்கூடியவராக இருக்க வேண்டிய 14 விடயங்களை அது வகுத்தது. மறதிநோய் உள்ளவரைப் பராமரித்தல், துன்புறுத்தலின் அறிகுறிகளை இனங்காணல், மரணத்தறுவாயில் துணை நிற்றல், வீட்டுச் சமையல் என அதன் வீச்சு பெரிது. காகிதத்தில் பார்த்தால் குறை சொல்வதற்கு அதிகமில்லை.

பிறகு கொரோனா வந்தது. 2020 மே மாதத்தில் கனேடிய இராணுவம் தான் உதவிக்கு அனுப்பப்பட்ட ஐந்து ஒன்ராறியோ முதியோர் இல்லங்கள் பற்றி வெளியிட்ட அறிக்கையை வாசித்தவர்கள் அதனை மறந்திருக்க மாட்டார்கள். நீரும் உணவும் ஒழுங்காகக் கிடைக்காமல், உடை மாற்றப்படாமல், அழைத்தும் யாரும் வராமல் முதியோர் கிடந்தனர். ஆள் பற்றாக்குறை என்ற பழைய உண்மை அப்போதுதான் ஆட்சியாளரின் காதில் ஏறியது. 2021 பெப்ரவரியில் 115 மில்லியன் டொலர் ஒதுக்கப்பட்டு, 24 அரச கல்லூரிகள் ஊடாக 8,200 பேர் வரை கட்டணமின்றிப் பயிற்றும் துரிதத் திட்டம் அறிவிக்கப்பட்டது. வழமையாக எட்டு மாதம் பிடிக்கும் படிப்பு ஆறு மாதமாகியது. மூன்று மாதம் பாடம், அடுத்த மூன்று மாதம் ஊதியத்துடன் களப்பயிற்சி. அவ்வாண்டு ஏப்ரலில் தனியார் கல்லூரிகள், கல்விச் சபைகள் ஊடாக மேலும் 8,000 பேர் வரை பயிற்ற 86 மில்லியன் டொலர் ஒதுக்கப்பட்டது.

இத்திட்டங்களால் எம்மவர் பலர் பயன்பெற்றனர் என்பதை மறுப்பதற்கில்லை. தொழிற்சாலைகளில் இரவு வேலை செய்து முதுகு ஒடிந்த தாய்மார் ஒரு சதமும் கட்டாமல் கல்லூரி வாசலை மிதித்தனர். களப்பயிற்சிக்கு ஊதியம் கொடுத்தது மிக நல்ல முன்னுதாரணம். வாடகையும் பிள்ளைகளின் செலவும் உள்ள ஒருவர் நூற்றுக்கணக்கான மணித்தியாலங்கள் சம்பளமின்றி உழைத்துப் படிப்பது எவ்வளவு கடினம் என்பதை அனுபவித்தவர்களே அறிவர். ஆனால் அந்தப் பணம் எதற்காக வந்தது? முதியோர் இல்லங்களில் நடந்த அவலத்திற்கு விடையாக வந்தது. ஆகவே கற்பித்தலின் சாய்வும் அந்தப் பக்கமாகவே அமைந்தது.

சட்டமும் அப்படித்தான் நிற்கிறது. நீண்டகாலப் பராமரிப்பு இல்லமொன்றில் பி.எஸ்.டபிள்யூவாகப் பணிபுரிபவர் வகுப்பும் களப்பயிற்சியுமாகக் குறைந்தது 600 மணித்தியாலப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும் என்று ஒன்ராறியோவின் ஒழுங்குவிதி கூறுகிறது. வீட்டுக்கு வந்து பணிபுரிபவரை இந்த விதி கட்டுப்படுத்தாது. அரச ஒப்பந்தத்தில் ஆள் அனுப்பும் நிறுவனங்கள் சான்றிதழ் கேட்கின்றன. ஆனால் குடும்பமொன்று தன் கைப்பணத்தில் அமர்த்திக்கொள்ளும் ஒருவர் எதையும் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை. இல்லத்தில் ஏதும் பிழைத்தால் கூப்பிடு தூரத்தில் தாதி இருப்பார், தூக்கிப் பிடிக்க இன்னொருவர் இருப்பார். வீட்டில் யார் இருக்கிறார்? அடுக்குமாடியின் பதினான்காம் தளத்தில், அரைமணி நேரத்திலோ ஒரு மணி நேரத்திலோ முடிக்க வேண்டிய வேலையோடு, அந்தப் பெண்ணும் படுக்கையில் கிடக்கும் முதியவரும் மட்டுமே இருக்கின்றனர். தனியே முடிவெடுக்க வேண்டிய இடத்துக்குத்தான் குறைந்த நிபந்தனை! இதைவிடத் தலைகீழான ஏற்பாடு வேறு இருக்க முடியுமா?

"குளிக்க வார்க்கிறதுக்கும் சாப்பாடு தீத்திறதுக்கும் என்ன படிப்பு?" என்று எம்மவர் கேட்பதுண்டு. பாசம் போதும் என்பது அவர்களது எண்ணம். பாசம் போதாது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். பாரிசவாதம் வந்தவருக்கும் முற்றிய மறதிநோய் உள்ளவருக்கும் விழுங்கும் ஆற்றல் குன்றிவிடுவதுண்டு. அவர்களுக்குச் சோற்றைவிட ஆபத்தானது தண்ணீர். தண்ணீர், தேநீர் போன்ற மெல்லிய திரவம் தொண்டையில் வேகமாக இறங்கி உணவுக்குழாய்க்குப் பதில் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அதன் வழியாக நுரையீரலில் அழற்சி உண்டாகி உயிரே போகலாம். அதனால்தான் தேவைப்படுபவர்களுக்குத் திரவத்தைக் கட்டியாக்கிக் கொடுக்கச் சொல்கிறார்கள். "பாவம், நா வறண்டு கிடக்கிறார்" என்று படுத்த படுக்கையிலேயே ஒரு வாய் தேத்தண்ணி பருக்கும் அன்பான மகளுக்கு இது தெரியாது. பயிற்றப்பட்ட பணியாளருக்குத் தெரியும்: நிமிர்த்தி இருத்த வேண்டும், நாடியைச் சற்றுத் தாழ்த்தச் செய்ய வேண்டும், ஒரு வாய் இறங்கிய பின்னரே அடுத்ததைக் கொடுக்க வேண்டும், உண்டு முடிந்ததும் உடனே சாய்க்கக் கூடாது.

அக்குளில் கைகொடுத்துத் தூக்கினால் முதியவரின் தோள்மூட்டும் தூக்குபவரின் இடுப்பும் சேர்ந்து கெடும் என்பதும், அசையாமல் கிடப்பவரை ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் குதிக்காலிலும் இடுப்படியிலும் படுக்கைப்புண் பிடிக்கும் என்பதும் இப்படிப்பட்டவையே. வகுப்பறைப் பொம்மையை வைத்து இவற்றைக் காட்டலாம். ஆனால் உயர்த்தித் தாழ்த்தக்கூடிய மின்கட்டில் இல்லாத வீட்டில், இரட்டைக் கட்டிலின் சுவரோரத்தில் படுத்திருக்கும் கனத்த சரீரமுள்ள ஒருவரை எப்படித் திருப்புவது? ஒடுங்கிய குளியலறைக்குள் இருக்கும் குளியல் தொட்டிக்குள் எப்படி இறக்குவது? இதை வீட்டிலேயே, அனுபவமுள்ளவரின் பக்கத்தில் நின்றுதான் பழகலாம். களப்பயிற்சியின் பெரும்பகுதி இல்லங்களில் கழிந்து விட்டால் முதல் பாடம் வேலைக்குப் போன முதல் நாளில், ஆசிரியர் எவருமின்றி நடக்கும்.

படுக்கைப்புண் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அழுத்தப்பட்ட தோல் சிவந்து காணப்படுவதே முதல் அறிகுறி எனப் பாடப் புத்தகங்கள் நெடுங்காலம் கற்பித்து வந்தன. அந்தப் படங்களில் இருந்தது வெள்ளைத் தோல். எம்மவர் போன்ற கருந்தோலில் அந்தச் சிவப்புத் தெரிவதில்லை. சுற்றியுள்ள தோலைவிடக் கருமையாகவோ ஊதா சாயலாகவோ இருக்கும். தொட்டால் சூடாகவோ இறுக்கமாகவோ மெதுமெதுப்பாகவோ இருக்கும். கண்ணால் மட்டும் பார்த்துப் பழகியவர் இதைத் தவற விடுவார், புண் வெடித்த பின்னரே காண்பார். தாதியியற் கல்வியில் இது இப்போது பேசப்படுகிறது. 600 மணித்தியாலப் படிப்பில் இதற்கு எத்தனை நிமிடம் ஒதுக்கப்படுகிறது என்று தங்கள் பயிற்சி நிலையத்திடம் கேட்பதற்குத் தமிழ் மாணவியருக்கு முழு உரிமை உண்டு.

அடுத்தது மொழி. 1983 இன் பின் இங்கு வந்தவர்களும், 1986 இல் நியூபவுண்ட்லாந்துக் கடலில் படகுகளில் மீட்கப்பட்ட 155 பேரும், அதன் பின் வந்த பல்லாயிரவரும் இன்று முதுமையை எட்டியோ நெருங்கியோ உள்ளனர். தொழிற்சாலையிலும் உணவகத்திலும் அவர்கள் தட்டித் தடுமாறிப் பயின்ற ஆங்கிலம் பிற்காலத்தில் வந்தது. மறதிநோயில் பிந்திக் கற்ற மொழி முந்தி நழுவுவது பலரிடம் காணப்படுகிறது. எஞ்சுவது ஊரின் தமிழ். "வீட்டை போகவேணும், பொழுதுபடுது" என்று கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மூதாட்டி எந்த வீட்டைச் சொல்கிறார்? ஸ்காபறோவில் உள்ளதை அல்ல. இடிந்துபோன, அல்லது வேறு யாரோ குடியிருக்கும் வீடு ஒன்றை. "அது இப்ப இல்லை அம்மா" என்று திருத்துவது அவரை ஒவ்வொரு முறையும் புதிதாக அகதியாக்குவதாகும். திருத்தாமல், முற்றத்தில் என்ன மரம் நின்றது என்று கேட்டுக் கதையை வளர்த்து மெல்லத் திருப்பிக் கூட்டி வரவேண்டும் என மறதிநோய்ப் பயிற்சி கூறுகிறது. அதைச் செய்வதற்கு மொழியும் வேண்டும், முற்றம் என்றால் என்னவென்றும் தெரிந்திருக்க வேண்டும்.

போரின் வடுக்களைச் சுமந்த உடல்கள் இவை என்பதையும் மறக்கலாகாது. விக்ரோறியா தினத்தன்றும் கனடா தினத்தன்றும் வெடிக்கும் வாணவேடிக்கைக்குக் கட்டிலடியில் பதுங்கப் பார்க்கும் தாத்தா நோய் முற்றியவராகப் பதிவேட்டில் குறிக்கப்படுகிறார். அவர் செய்வது பதுங்குகுழிக் காலத்தில் உயிரைக் காத்த அதே செயல். அதிர்ச்சி அனுபவங்களை அறிந்து பராமரித்தல் என்பது அண்மைக் காலப் பயிற்சிகளில் அடிக்கடி உச்சரிக்கப்படும் சொற்றொடராகிவிட்டது. அது சொற்றொடராக மட்டும் நிற்காதிருக்க, எமது வரலாற்றைச் சொல்ல வேண்டியவர்கள் நாமே.

இனி எமக்குள்ளேயே பேச வேண்டிய கசப்பான விடயம். பெற்றோரே, உங்களிற் பலர் இந்தப் பணியைப் பேசும் தொனி சரியானதல்ல. மகன் பொறியியல், மகள் கணக்கியல் என்று மண்டபமெங்கும் அறிவிப்பவர்கள் மனைவி என்ன வேலை என்று கேட்டால் "நேர்சிங் பக்கம்" என்று மழுப்புகின்றனர். மலசலம் அள்ளும் வேலை என்ற இளக்காரம் கனடாவில் பிறந்ததல்ல. செய்யும் தொழிலை வைத்து மனிதரை உயர்த்தியும் தாழ்த்தியும் பார்த்த சாதிப் பழக்கம் எங்களோடு விமானமேறி வந்தது. அந்த உழைப்பில் அடைமானம் கட்டப்பட்டது, பல்கலைக்கழகக் கட்டணம் கட்டப்பட்டது, ஊரில் தங்கையின் கலியாணம் நடந்தது. ஆயினும் தொழிலின் பெயரைச் சொல்லக் கூச்சம். கூச்சப்படும் சமூகம் அத்தொழிலுக்காக உரிமை கேட்காது. ஊதியம் ஏன் குறைந்திருக்கிறது என்பதற்கான பல காரணங்களில் இதுவும் ஒன்று.

2020 ஒக்ரோபரில் தற்காலிகமாகத் தொடங்கி 2022 இல் நிரந்தரமாக்கப்பட்ட மணித்தியாலத்துக்கு 3 டொலர் மேலதிகக் கொடுப்பனவு வீட்டுப் பராமரிப்பாளருக்கும் கிடைத்தது நல்லதே. ஆயினும் ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்குப் போகும் நேரத்துக்கு முறையான கொடுப்பனவில்லை, காலையில் இரண்டு வீடு, மாலையில் இரண்டு வீடு, இடையில் வெறும் காத்திருப்பு என்ற முறைப்பாடுகள் அப்படியே இருக்கின்றன. 2023 யூலை 24 இல் தடம்புரண்ட ஸ்காபறோ ரயில் சேவை அதன் பின் திறக்கப்படவேயில்லை. கார் இல்லாத பணியாளர் உறைபனியில் பேருந்துக்காக நின்று தாமதமாக வந்தால் "இண்டைக்கும் பிந்தி" என்று நாமே முகம் சுளிக்கிறோம். இரண்டு, மூன்று ஆண்டுகளில் அவர் இல்லத்துக்கோ வைத்தியசாலைக்கோ மாறிவிடுகிறார். வீட்டுக்கு வருபவர் மீண்டும் புதியவர். எத்தனை ஆயிரம் பேரைப் பயிற்றினாலும் ஓட்டை வாளியில் நீர் நிரப்புவது போன்றதே.

இதே பணியை நோர்வேயில் வாழும் எமது உறவுகள் எவ்வாறு கற்கின்றனர் என்பதை ஒப்புநோக்குவது பயன்தரும். அங்கு ஹெல்செஃபாக்ஆர்பைடர் எனப்படும் பராமரிப்புத் தொழிலுக்கு வழமையான பாதை நான்கு ஆண்டுகள்: இரண்டு ஆண்டு பாடசாலையில், இரண்டு ஆண்டு ஊதியத்துடன் தொழில் பழகுநராக. இறுதியில் செய்முறைத் தேர்வு, அதன் பின் அரச அங்கீகாரம். அந்தப் பெயரைக் கண்டவர் எல்லாம் சூட்டிக்கொள்ள முடியாது. நீண்டகாலம் பணிபுரிந்த பெரியவர்கள் அனுபவத்தின் பேரில் தேர்வுக்குத் தோற்றவும் வழியுண்டு. நான்கு ஆண்டு இங்கும் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வாடகை கட்டும் தாய்மாருக்கு அது கட்டுப்படியாகாது. ஆனால் வேலை செய்துகொண்டே, சம்பளம் பெற்றுக்கொண்டே, படிப்படியாகக் கற்று உயரும் ஏற்பாடு ஒரு நாட்டில் சாத்தியமெனில் மற்றொரு நாட்டில் ஏன் முடியாது? ஆறு மாதத்தோடு கல்வி முடிந்துவிட்டது என்று கருதுவதுதான் தவறு. வேலைக்குச் சேர்ந்த முதலாண்டில் வீட்டுப் பராமரிப்புக்கென ஊதியத்துடன் தொடர்பயிற்சி, முதல் சில வாரங்கள் அனுபவசாலி ஒருவருடன் சேர்ந்து செல்லுதல், தமிழ் போன்ற மொழியாற்றலைத் தகைமையாக ஏற்று அதற்கேற்ற கொடுப்பனவு ஆகியவற்றை மாகாண சட்டமன்ற உறுப்பினர்களிடம் நாம் கேட்க வேண்டும். தேர்தல் காலத்தில் பொங்கல் விழாவுக்கு வேட்டி கட்டி வருபவர்களிடம் கேட்பதற்கு இதைவிடப் பொருத்தமான கேள்வி வேறில்லை.

படிக்க எண்ணுபவர்களுக்குச் சில வார்த்தைகள். விளம்பரத்தில் முதலில் கண்ட இடத்துக்கு ஓட வேண்டாம். அரச கல்லூரியும் கல்விச் சபையின் வளர்ந்தோர் பாடசாலையும் தனியார் கல்லூரியும் பொதுவான ஒரே தரத்துக்கே கற்பிக்கின்றன. கட்டணத்திலோ பல ஆயிரம் டொலர் வேறுபாடு இருக்கலாம். தனியார் நிலையமெனில் அது மாகாணத்தில் பதிவு செய்யப்பட்டதா என்பதோடு, அந்தக் குறிப்பிட்ட பாடநெறிக்கு அங்கீகாரம் உண்டா என்பதையும் அரசின் இணையத்தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். நிலையம் பதிவாகியிருந்தும் பாடநெறி அங்கீகரிக்கப்படாதிருக்க இடமுண்டு. களப்பயிற்சி இடத்தை யார் ஒழுங்கு செய்வார், அதில் எத்தனை மணித்தியாலம் வீடுகளில் என்பதை எழுத்தில் கேளுங்கள்.

இளையோருக்கு ஒன்று. அம்மம்மாவின் வைத்தியரிடம் மொழிபெயர்க்கப் போய்ப் போய், நீங்கள் அறியாமலே இப்பணியின் ஒரு பகுதியைக் கற்றிருக்கிறீர்கள். தமிழும் ஆங்கிலமும் சரளமாகத் தெரிந்த, பயிற்சியும் பெற்ற ஒருவருக்கு இத்துறையில் உள்ள தேவை பெரிது; தாதியியலுக்கும் சமூகசேவைக்கும் முதியோர் நலத் திட்டமிடலுக்கும் இங்கிருந்து கதவுகள் திறக்கின்றன. ஆனால் ஓர் எச்சரிக்கையும் உண்டு. தமிழ்ப் பணியாளர் வேண்டாம் என்று மறுக்கும் தமிழ் முதியோரும் இருக்கின்றனர். வீட்டுக் கதை ஊர்க் கதையாகிவிடும் என்ற பயம் அது. பயம் நியாயமானது. ஒருவரின் உடல்நலத் தகவலை வெளியே சொல்லாதிருப்பது நல்ல பழக்கம் மட்டுமல்ல, 2004 ஆம் ஆண்டின் ஒன்ராறியோச் சட்டம் விதிக்கும் கடமை. கோயில் வீதியிலும் கலியாண வீட்டிலும் வாயைக் கட்டத் தெரிந்தவர்களே இந்த வேலைக்கு வர வேண்டும்.

இறுதியாக, இப்பணியாளர்களுக்கான பதிவேடு. 2012 இல் ஒன்ராறியோவில் தொடங்கிய முதற் பதிவேடு 2016 ஜனவரியில் மூடப்பட்டது. அதன் பின் 2021 இல் நிறைவேறிய சட்டத்தின் கீழ் புதிய மேற்பார்வை அதிகாரசபை ஒன்று 2024 டிசெம்பர் 1 முதல் இயங்குகிறது. தகைமை சரிபார்க்கப்பட்டவர்களின் பெயர் பொதுப் பதிவேட்டில் இடம்பெறும், அவர்களுக்கு நடத்தைக் கோவை உண்டு, முறைப்பாடு செய்யவும் வழியுண்டு. ஆனால் பதிவு கட்டாயமல்ல, விரும்பியவர் பதியலாம். ஆகவே பதிவேட்டில் பெயரில்லாதவர் எல்லாம் தகுதியற்றவரல்லர். பதிவு செய்யாதவரைத் தடுக்கும் வேலியும் அதுவல்ல. தாய் தந்தையருக்குத் தனிப்பட்ட முறையில் ஒருவரை அமர்த்த இருப்போர் முதலில் அந்தப் பதிவேட்டைப் பாருங்கள். பெயர் இல்லையெனில் சான்றிதழையும் பயின்ற இடத்தையும் கேளுங்கள். பதிந்து கொள்ளுமாறும் சொல்லுங்கள். நீங்களே இத்துறையில் இருப்பவரெனில் உங்கள் பெயரைப் பதிந்து வையுங்கள். தமிழ்ப் பணியாளர் எத்தனை பேர் எங்கே இருக்கின்றனர் என்று அரசிடம் எடுத்துச் சொல்ல, எம்மிடம் எண்ணிக்கை வேண்டும்.